அடித்துவிட்ட அந்த ஒரு வரி

கேள்வி: ஐயா, மூன்று வருடமாகச் சத்தியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கைக்குழந்தையாக இருந்தபோதே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அது செல்லாது, விசுவாசித்த பிறகு முழுக்கு எடுப்பதுதான் கீழ்ப்படிதல் என்கிறாள் என் தோழி. தெரிந்த சகோதரர் ஒருவர், சனிக்கிழமைதான் ஓய்வுநாள், ஞாயிறு ஆராதனை கான்ஸ்டன்டைன் ராஜா கொண்டுவந்தது, தெரிந்த பிறகும் மாறாவிட்டால் கர்த்தர் கணக்குக் கேட்பார் என்கிறார். எங்கள் போதகரிடம் கேட்டால், "மனதைக் குழப்பிக்கொள்ளாதேம்மா" என்று அனுப்பிவிடுகிறார். ராத்திரி இரண்டு மணிவரை பிரசங்க வீடியோக்கள் பார்க்கிறேன். ஜெபம் குறைந்துவிட்டது. முழுக்கு எடுக்கலாம் என்று இருக்கிறேன் என்றதும் அம்மா அழுதுவிட்டார். எது சத்தியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் எவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிய வேண்டும்?
— ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதியது ஆறு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம். ஆறு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். நாலாம் பக்கத்தை மூன்றாவது தடவையும் படித்தேன். அது ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் போதகர் சொன்ன பதில். அவருக்கு உங்கள்மேல் அக்கறை இல்லாமல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது இப்படி ஒரு கேள்வி வந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனாலும் அது சரியான பதில் இல்லை. பெரோயா ஊரார் பவுலின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று" தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். பிரசங்கம் பண்ணியவர் அப்போஸ்தலனாகிய பவுல். அவரையே சரிபார்த்தவர்களை லூக்கா குறை சொல்லவில்லை, நற்குணசாலிகள் என்று எழுதிவைத்தார் (அப்போஸ்தலர் 17:11). அதனால் கேட்பதே அவிசுவாசம் என்ற குற்ற உணர்ச்சி உங்களுக்கு வேண்டாம்.

ஆனால் அவர்கள் ஆராய்ந்தார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வித்தியாசத்துக்கு உங்கள் கடிதத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஞாயிறு ஆராதனையைக் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்தார் என்று அந்தச் சகோதரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதையே சொல்லும் வீடியோக்கள் ஏழெட்டாவது பார்த்திருப்பீர்கள். ஒன்றிலாவது நிறுத்தி, அதற்கு முன்னால் கிறிஸ்தவர்கள் எந்த நாளில் கூடினார்கள் என்று தேடினீர்களா? ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிச் சட்டம் போட்டது உண்மை. வருடம் 321. நகரவாசிகளும் நீதிபதிகளும் ஓய்ந்திருக்க வேண்டும், விவசாயிகள் மட்டும் வயல் வேலையைப் பார்க்கலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் அதற்கு 160 வருடங்களுக்கும் முன்னாலேயே, ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், தன் விசுவாசத்துக்காகப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் தங்கள் ஆராதனையை விவரித்திருக்கிறார். ஞாயிறு என்று சொல்லப்படும் நாளில் பட்டணத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறோம், அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளும் நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும், அப்புறம் புத்திமதி, ஜெபம், அப்பமும் திராட்சரசமும், ஏழைகளுக்கான காணிக்கை என்று வரிசையாகச் சொல்கிறார். கான்ஸ்டன்டைனின் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முந்திய காலமாகக்கூட இருக்கலாம் அது. புதிய ஏற்பாட்டிலேயே துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல்நாளில் அப்பம்பிட்கக் கூடினார்கள் என்று இருக்கிறது (அப்போஸ்தலர் 20:7).

சரி, அப்படியானால் சனிக்கிழமையை ஆசரிக்கிறவர்கள் தோற்றுவிட்டார்களா? இல்லை. அவர்களுடைய ஒரு வாதம் விழுந்தது, அவ்வளவுதான். பத்துக் கட்டளைகளில் நாலாவது அப்படியே இருக்கிறது. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அவர்களிலும் யோசித்துப் பேசுகிறவர்கள் உண்டு. கொலோசெயர் 2:16-ஐயும் ரோமர் 14-ஐயும் காட்டி மறுபக்கம் பேசுகிறவர்களும் உண்டு. நான் சொல்ல வந்தது இதுதான்: ஒரு கூற்றை எடுத்து, அது நிற்குமா என்று ஒரு மணி நேரம் செலவழித்துப் பார்ப்பது ஆராய்ச்சி. ஏழு பேர் ஒரே கூற்றை ஏழு விதமான குரலில் சொல்லக் கேட்பது ஆராய்ச்சி ஆகாது. மூன்று வருடமாக இரவு இரண்டு மணிவரை நீங்கள் கேட்டது பெரும்பாலும் குரல்களைத்தான் என்று நினைக்கிறேன்.

இனி ஞானஸ்நானம். இதில் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விசுவாசித்தவர்களுக்கு முழுக்கு கொடுக்கிற சபையின் போதகன் நான். ஆனாலும் வாருங்கள், அடுத்த வாரமே வைத்துக்கொள்ளலாம் என்று உங்களைக் கூப்பிடமாட்டேன்.

எங்கள் பக்கத்து நியாயம் உங்கள் தோழி சொன்னதுதான். ஞானஸ்நானம் என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பது அடிப்படைப் பொருள். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, மனந்திரும்பி ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார், அந்த வரிசையில். எத்தியோப்பிய மந்திரியும் பிலிப்பும் இரண்டுபேரும் தண்ணீரில் இறங்கினார்கள். ஆனால் உங்கள் அம்மாவின் சபைக்கும் நியாயம் இருக்கிறது, அதை உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அதே பேதுரு அடுத்த மூச்சில், வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்கிறார். லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும் பெற்றார்கள். அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்களா? வேதம் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நாங்கள் ஒரு விதமாக நிரப்புகிறோம், அவர்கள் ஒரு விதமாக நிரப்புகிறார்கள். விருத்தசேதனத்தோடு ஞானஸ்நானத்தைப் பக்கத்தில் வைத்துப் பேசும் கொலோசெயர் 2:11, 12 அவர்களுக்குப் பெரிய தூண்.

சபைச் சரித்திரமும் ஒரே பக்கமாகச் சாயவில்லை. ஏறக்குறைய 200-ஆம் ஆண்டில் தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர், சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம், வளரட்டும் என்று எழுதினார். அப்படி எழுத வேண்டியிருந்தது என்றால் அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அப்போதே ஆட்சேபமும் இருந்தது என்றுதானே அர்த்தம்? முழுக்கா தெளிப்பா என்ற சண்டைக்கும் இதேபோல ஒரு பழைய சாட்சி உண்டு. திதகே என்ற ஆதிச்சபைக் கையேடு ஓடுகிற தண்ணீரில் கொடுக்கச் சொல்கிறது, அது கிடைக்காவிட்டால் வேறு தண்ணீரில், அதுவும் இல்லாவிட்டால் தலையில் மூன்றுதரம் ஊற்று என்கிறது. 1527 ஜனவரியில், வயதுவந்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த குற்றத்துக்காக ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரைச் சூரிச் நகர ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். கொன்றது சீர்திருத்தச் சபையைத் தழுவிய நகராட்சி. வேதம் மட்டுமே போதும் என்று உரக்கச் சொன்னவர்கள்! இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வராது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், "தெரிந்த பிறகும் கீழ்ப்படியாவிட்டால்" என்று அந்தச் சகோதரர் பயமுறுத்துகிறாரே, அதில் "தெரிந்த" என்ற சொல்லை அவர் எடுத்துக்கொள்ளும் அவசரத்தைக் காட்டத்தான். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்தது ஆகாது. "அவனவன் தன் தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று ரோமர் 14:5 நாட்களைப் பற்றியே சொல்கிறது. அரைமனதோடு, பயத்தில், யாரோ கணக்குக் கேட்பார்கள் என்று தண்ணீரில் இறங்கினால் நீங்கள் கீழ்ப்படிந்தது கர்த்தருக்கா, அந்தச் சகோதரருக்கா?

1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தை ஒருநாள் நிதானமாகப் படியுங்கள். வேதத்தில் எனக்கு மிகவும் சங்கடமான அதிகாரங்களில் ஒன்று. யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்குக் கர்த்தர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: அங்கே சாப்பிடாதே, குடிக்காதே, போன வழியே திரும்பாதே. ராஜா கூப்பிட்டபோது அவன் மறுத்துவிட்டான். அப்புறம் வயதான தீர்க்கதரிசி ஒருவன் வந்து, நானும் உன்னைப்போல் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் என்னிடம் உன்னை அழைத்துவரச் சொன்னான் என்றான். பொய். இவன் நம்பிப் போய்ச் சாப்பிட்டான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. கிழவனுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் எனக்கு நேராகத் தெரிந்ததை, வேறொருவருடைய வெளிப்பாட்டுக்காக விட்டுவிடக்கூடாது என்பது மட்டும் அந்தக் கதையில் தெளிவாக இருக்கிறது. "உனக்காகக் கர்த்தர் என்னிடம் பேசினார்" என்று தொடங்குகிறவரையும், "இதை வேறு யாரிடமும் கேட்காதே" என்று முடிக்கிறவரையும் இரண்டு மடங்கு சோதியுங்கள்.

இப்போது நாலாம் பக்கத்துக்கு வருகிறேன்.

அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். மற்ற இடங்களில் பிழை வந்தால் கிறுக்கி மறைத்துவிடும் நீங்கள், இதை ஒரே கோடாக அடித்திருந்தீர்கள். கீழே இருப்பது நன்றாகவே படிக்க முடிந்தது. அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். இன்னொருவருக்குச் சேரவேண்டிய ஒன்று உங்களிடம் இருக்கிறது என்பதைத் தவிர வாசகர்களுக்கு வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை. "ஆனால் அது வேறு விஷயம்" என்று எழுதி, அதையும் சேர்த்து அடித்திருக்கிறீர்கள்.

அது வேறு விஷயம் இல்லை என்பதுதான் உங்களுக்கு என் பதில்.

நம் தமிழில் ஒரு பிள்ளை கீழ்ப்படியவில்லை என்பதை எப்படிச் சொல்கிறோம்? "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்கிறோம். காதில் விழவில்லை என்று அதற்கு யாரும் பொருள் எடுப்பதில்லை. எபிரெய மொழியிலும் அப்படியே. ஷமா என்ற ஒரே சொல் கேட்பதற்கும் வரும், கீழ்ப்படிவதற்கும் வரும். "இஸ்ரவேலே, கேள்" என்பதில் இருப்பதும் அதுதான். செய்யாதவன் இன்னும் கேட்கவே இல்லை என்பது அந்த மொழியின் கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் சவுல் ராஜா பாவம். எல்லாவற்றையும் அழிக்கக் கர்த்தர் சொல்லியிருந்தும் அமலேக்கியரின் ஆடுமாடுகளைத் தப்பவைத்துவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் மலர்ந்த முகத்தோடு சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழும் இந்த ஆட்டுச் சத்தம் என்ன என்று சாமுவேல் கேட்கிறார். பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று உடனே ஆவிக்குரிய காரணம் வருகிறது. உங்கள் கடிதம் முழுக்க நல்ல கேள்விகள். நாலாம் பக்கத்தில் மட்டும் எனக்கு ஆட்டுச் சத்தம் கேட்டது.

உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். படிக்கிற காலத்தில் என் ஆசிரியர் ஒருவரிடம் யாக்கோபு நிருபத்துக்கான விளக்கவுரை ஒன்றை இரவல் வாங்கினேன். திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, செய்கிறவர்களாயும் இருங்கள் என்ற வசனத்தின்மேல் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ பிரசங்கங்கள் தயாரித்தேன். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து இருக்கும், அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் நேரே முன்னுரைக்குப் போய்விடப் பழகிக்கொண்டேன். பதினோரு வருடம். ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் புத்தகத்தைத் திறந்து, நடுவில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து, "இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு அந்த நிருபத்தில் புரியாத இடங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பாதி கேள்விகள் அன்றைக்குப் பிறகு கேள்விகளாகவே தோன்றவில்லை. புதிதாக எதையும் படித்துவிடவில்லை.

இயேசு இதை ஒரு விதியாகவே சொல்லியிருக்கிறார். தம்முடைய உபதேசம் தேவனால் உண்டானதா என்று யார் அறிவான் என்றால், "அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனெவனோ" அவன் (யோவான் 7:17). நன்றாகப் படித்தவன் என்று சொல்லவில்லை. செய்ய மனதிருந்தால் அறிவு பின்னால் வரும் என்கிறார். நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம்: முதலில் எல்லாம் தெளிவாகட்டும், அப்புறம் செய்வோம். எல்லாம் தெளிவாகும் நாள் வரவே வராது, அதனால் எதையும் செய்ய வேண்டியதும் இல்லை. தேடல் ஒளிந்துகொள்ள நல்ல இடம், சகோதரி. வெளியே பார்த்தால் பக்தியாகத் தெரியும்.

அடுத்தது, எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டீர்களே. ஒரே பதில் கிடையாது. அடித்த வரிக்கு, இந்த வாரம். சகேயு ஏழைகளுக்குப் பாதி, அநியாயமாய் வாங்கினதுக்கு நாலத்தனை என்று சொன்னது இயேசு அவன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே. சட்டம் என்ன சொல்கிறது என்று அவன் ஆய்வு பண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்கும் ஓய்வுநாளுக்கும் அந்த அவசரம் தேவையில்லை. சீரியப் படைத்தலைவன் நாகமானை நினைத்துப்பாருங்கள். குஷ்டம் நீங்கி, இனிமேல் கர்த்தர் ஒருவரே என்று அறிக்கையிட்ட கையோடு தீர்க்கதரிசி எலிசாவிடம் ஒரு சிக்கலைச் சொல்கிறான். என் எஜமானாகிய ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோவிலில் என் கைமேல் சாய்ந்துகொண்டு பணியும்போது நானும் பணிய வேண்டியிருக்குமே, கர்த்தர் மன்னிப்பாராக என்கிறான். எலிசா அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. "சமாதானத்தோடே போ" என்றார். நிக்கொதேமுவும் அப்படித்தான். முதலில் ராத்திரியில் வந்தார். அப்புறம் ஆலோசனைச் சங்கத்தில் தயங்கித் தயங்கி ஒரு வாக்கியம் பேசினார். கடைசியில் சீஷர்கள் சிதறிப்போன நேரத்தில் இயேசுவை அடக்கம்பண்ண ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்துகொண்டு பகிரங்கமாக வந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. வேறே சிந்தையாயிருந்தால் அதையும் தேவன் வெளிப்படுத்துவார், எதுவரையில் தேறியிருக்கிறோமோ அதன்படி நடப்போம் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினதும் இதே பொறுமைதான்.

அம்மாவைப் பற்றி. அவர் அழுதது உபதேசத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. உங்களைக் கையில் ஏந்திப்போய்க் கர்த்தரிடம் கொடுத்த நாள் அவருக்கு ஞாபகம் இருக்கும். அது செல்லாது என்று நீங்கள் சொல்வது, தான் கொடுத்ததே செல்லாது என்று அவர் காதில் விழுந்திருக்கும். நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் அந்த நாளுக்காக அவருக்கு நன்றி சொல்லுங்கள். முழுக்கு எடுப்பதாக முடிவானாலும், எடுத்துவிட்டு வந்து சொல்லாதீர்கள். முன்கூட்டியே சொல்லுங்கள், கூடவே வரச்சொல்லுங்கள். வரமாட்டார் என்றாலும் கூப்பிடுங்கள். தகப்பனையும் தாயையும் பார்க்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கென்று கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கடிந்துகொண்ட இடம் மாற்கு 7-இல் இருக்கிறது. பக்தியின் பெயரால் தாயைப் புண்படுத்துவது அவர் ஏற்கெனவே பார்த்துக் கண்டித்த தந்திரம்.

வீடியோக்களை மூன்று மாதத்துக்கு நிறுத்துங்கள். என் பிரசங்கம் இருந்தாலும் சேர்த்துத்தான். அந்த நேரத்தில் பாதி தூங்குங்கள். மீதியில் கலாத்தியர் நிருபத்தை ஒரே அமர்வில் முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள், ஆறு அதிகாரம்தான், அரைமணி நேரம் ஆகாது. ஒரு வாரம் தினமும் அதையே வாசியுங்கள். அப்புறம் ரோமர் 14, 15. துண்டு வசனங்களாகவே கேட்டுப் பழகின காதுக்கு ஒரு நிருபம் முழுதாக எப்படி ஒலிக்கிறது என்று தெரியட்டும். ஞானஸ்நானத்தைப் பற்றிய கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி உங்கள் போதகரிடம் நேரம் கேட்டு வாங்கிக் கொடுங்கள், வாசலில் நின்று கேட்காதீர்கள். அதே பக்கத்தை முழுக்கு கொடுக்கும் ஒரு போதகரிடமும் கொடுங்கள். மற்றவர் பக்கத்து நியாயத்தை ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்ல இருவரில் யாரால் முடிகிறது என்று கவனியுங்கள்.

இதெல்லாம் நாலாம் பக்கத்துக்குப் பிறகு. அங்கே போகும்போது நீண்ட விளக்கம் எதுவும் தயார் பண்ணிக்கொள்ள வேண்டாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டால் போதும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஞானஸ்நானக் கேள்வி அதற்குப் பிறகும் இருந்தால், அடுத்த கடிதத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.